டங்ஸ்டன் முனை சொல்லும் சேதி

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மாலை, ஒரு தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். கணவர் செம்பனைக் குலை அறுக்கிறவர். அவர்களுடைய மூத்த மகன் எங்கள் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்தவன். படிவம் ஐந்து முடித்துவிட்டுச் செராசில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

"வாத்தியாரே, பையனுக்குக் கை சரியில்லையாம். வெல்டிங் வைத்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாக வருகிறதாம். சனிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் தவுக்கே அவனைப் பழையபடி கிரைண்டர் பிடிக்கப் போடப்போகிறாராம். நான் தோட்டத்துக்கே வந்துவிடுகிறேன் அம்மா என்று போனில் அழுகிறான்" என்றார்.

கிரைண்டர் பிடிக்கிற வேலைக்கும் வெல்டர் வேலைக்கும் உள்ள சம்பள வேறுபாட்டைப் பெற்றோர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தின் கணக்கில் அவனுக்குப் பின்னால் இரண்டு தங்கைகளின் படிப்பும் இருந்தது. ஆனால் என் காதில் குத்தியது "கை சரியில்லை" என்ற சொல்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று இது: கணக்கில் விடை தப்பினால் பையனை மக்கு என்று சொல்லாதே, எந்தப் படியில் பிசகினான் என்று பார். வெல்டிங்கிலும் படிகள் இருக்கும் அல்லவா? மறுநாள் அந்தத் தாயுடன் நானும் புறப்பட்டேன்.

இப்போது செராசுக்குப் போவது சிரமமில்லை. காஜாங்கிலிருந்து 2017ஆம் ஆண்டு முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. வழியில் ஒரு நிலையத்தின் பெயரே பத்து செபலாஸ் செராஸ், அதாவது பதினோராங்கட்டை. மைல் கற்கள் போய்விட்டன, கட்டைக் கணக்கில் வைத்த பெயர் மட்டும் நிற்கிறது. கோலாலம்பூர்ப் பக்கம் இன்னும் சற்றுத் தூரம் போனால் சான் சாவ் லின் சாலை. ஈயச் சுரங்கத் தொழிலில் பெயர் பெற்று, இரும்பு வார்ப்படத் தொழிலும் நடத்திய ஒரு சீனப் பெரியவரின் பெயர் அது. அந்த வட்டாரத்தில் இரும்புச் சத்தம் பழைய சத்தம்.

பையன் வேலை செய்த பட்டறை ஒரு கடை வரிசையின் பின்சந்தில் இருந்தது. படிக்கட்டுக் கைப்பிடிகளும் தண்ணீர்த் தொட்டிக்கான இரும்புத் தாங்கிகளும் செய்கிற இடம். அவன் காட்டிய குழாய் இணைப்புகளைப் பார்த்தேன். அந்தத் தாயும் பார்த்தார். "ஆப்பத்தில் கண் விழுந்த மாதிரி இருக்கிறதே" என்றார். சரியான உவமை. ஆப்ப மாவில் காற்று வெளியேறும்போது கண் விழுகிறது. உருகிய இரும்பிலும் அதேதான் நடக்கிறது. அந்தக் காற்று எப்படி உள்ளே போனது என்பதுதான் கேள்வி.

நேயர்களே, இதைப் புரிந்துகொள்ள இந்த வெல்டிங்கின் அடிப்படையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை டிக் வெல்டிங் என்பார்கள். முதல் எழுத்து டங்ஸ்டன் என்ற உலோகத்தைக் குறிக்கும். மற்ற இரண்டும் எதனோடும் சேராத வாயுவைக் குறிக்கும். டங்ஸ்டன் உங்களுக்குப் புதியதல்ல. பழைய குண்டு பல்புக்குள் சிவந்து எரிந்ததே ஒரு மெல்லிய இழை, அது டங்ஸ்டன்தான். இரும்பு சுமார் 1,500 பாகையில் உருகிவிடும். டங்ஸ்டன் உருக ஏறக்குறைய 3,400 பாகை வெப்பம் வேண்டும். ஆகவே மின்பொறி பறக்கிற முனையாக டங்ஸ்டன் கம்பியை வைத்தால், எதிரே இருக்கிற இரும்பு உருகும், கம்பி உருகாது. இணைப்புக்கு வேண்டிய இரும்பை வேறொரு நிரப்புக் கம்பியை மறுகையால் ஊட்டிக் கொடுப்பார்கள்.

ஆனால் டங்ஸ்டனுக்கு ஒரு பலவீனம் உண்டு. சிவக்கக் காய்ந்திருக்கும்போது காற்றுப் பட்டால் கருகிப்போகும். பல்பின் கண்ணாடி விரிந்தால் இழை உடனே புகைந்து அறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் பல்புக்குள் ஆர்கன் போன்ற வாயுவை அடைத்தார்கள். டிக் டார்ச்சிலும் அதே ஆர்கன் வாயு, முனையைச் சுற்றியிருக்கும் பீங்கான் கிண்ணத்தின் வழியாக இறங்கி, கம்பியையும் உருகிய இரும்பையும் போர்த்திக்கொள்கிறது. இந்த ஆர்கனை 1894இல் இங்கிலாந்தில் ராலே பிரபுவும் வில்லியம் ராம்சேயும் கண்டுபிடித்தார்கள். எதனோடும் சேராமல் சும்மா இருப்பதால் கிரேக்க மொழியில் சோம்பேறி என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது இருக்கிறது. இந்த வெல்டிங் முறைக்கு 1942இல் அமெரிக்காவில் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையைச் சேர்ந்த ரஸல் மெரிடித் என்பவர் காப்புரிமை பெற்றார். அவர் மக்னீசிய உலோகத்தைப் பற்றவைக்க ஹீலியம் வாயுவைப் பயன்படுத்தினார். ஆர்கன் பிற்பாடு வந்தது.

சரி, பட்டறைக்குத் திரும்புவோம். அங்கே அறுபது வயதைக் கடந்த ஒரு தமிழர் தலைமை வெல்டராக இருந்தார். அவரும் ஒரு காலத்தில் தோட்டத்து ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவராம். கண் அறுவைக்காக இரண்டு வாரம் விடுப்பில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். பையன் தான் வைத்த இணைப்பைக் காட்ட ஓடினான். பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அதை அப்புறம் பார்ப்போம் தம்பி. டார்ச்சை எடு. முனையைக் காட்டு" என்றார்.

முனை அடுப்புக் கரிபோல் கறுத்திருந்தது.

"எப்போது தீட்டினாய்?"

"காலையில்தான் அங்கிள். தீட்டித் தீட்டிக் கம்பியே பாதியாகிவிட்டது."

"கேஸ் எவ்வளவு?"

"முதலில் எட்டு வைத்தேன். ஓட்டை விழுந்ததால் பதினெட்டுக்கு ஏற்றினேன்."

பெரியவர் சிரித்தார். இந்த இடத்தில்தான் பல பையன்கள் தவறுகிறார்கள். ஓட்டை விழுந்தால் வாயு போதவில்லை என்று நினைத்துக் குழாயை மேலும் திறந்துவிடுகிறார்கள். சாதாரண அளவுக் கிண்ணத்துக்கு நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் வரை போதும். அதற்கு மேல் மிகவும் அதிகமாக விட்டால், வாயு அமைதியாக இறங்காமல் சுழித்துக்கொண்டு இறங்கும். சுழி பக்கத்துக் காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆற்றில் சுழி இலையை இழுக்கிறது அல்லவா, அதுபோல. காசும் போகும், வேலையும் கெடும்.

பெரியவர் வாயுவை எட்டுக்கு இறக்கினார். ஒரு பழைய இரும்புத் துண்டை எடுத்து வெள்ளி போல மின்னும்வரை தேய்க்கச் சொன்னார். கம்பியைப் புதிதாகத் தீட்டச் செய்து, நிரப்புக் கம்பியே இல்லாமல் ஒரே இடத்தில் ஐந்து விநாடி பொறியை நிறுத்தினார். உருகிய புள்ளி கொதித்தது, கண் விழுந்தது. "இரும்பு சுத்தம், நிரப்புக் கம்பி இல்லை. அப்படியானால் குற்றம் இரும்பிலும் இல்லை, கம்பியிலும் இல்லை. வாயுவில்தான்" என்றார். கணக்கு வாத்தியாரான எனக்கு அந்த முறை மிகவும் பிடித்துப் போயிற்று. சந்தேகப்பட வேண்டியவற்றில் பாதியை ஒரே சோதனையில் கழித்துவிட்டார்.

பிறகு பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த நிற்கும் விசிறியை நிறுத்தினார். நம் நாட்டு வெயிலில் விசிறி இல்லாமல் பட்டறையில் நிற்க முடியாதுதான். ஆனால் சிம்னி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கை வாசலில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இந்த வாயுப் போர்வைக்கும் ஆகும். விசிறியை வெல்டர் முதுகுப் பக்கம் திருப்பலாம், அல்லது இடையில் ஒரு தகரத் தடுப்பு வைக்கலாம். அன்று விசிறியை நிறுத்தியும் புள்ளி கொதித்தது. கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரிசல் இல்லை. வாயுக் குழாயின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி வரவில்லை. கடைசியில் டார்ச்சின் தலைக்குப் பின்னால் இருக்கும் சிறு மூடியைத் திருகிக் கழற்றினார். அதன் கழுத்தில் மோதிரத்தைவிடச் சிறியதாக ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. நகத்தால் நெம்பினார். இரண்டாகப் பிரிந்து கையில் வந்தது.

அவ்வளவுதான் நேயர்களே. பின்மூடி சரியாக அடைக்காததால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து ஆர்கனோடு கலந்துகொண்டிருந்தது. சிலிண்டரின் மேலே உள்ள அளவுமானிக்கு அது தெரியாது. அது தன் வழியாகப் போன வாயுவை மட்டும்தான் அளக்கும். அதனால்தான் மானியில் எண் சரியாக இருந்தும் இணைப்பு கெட்டது. புது வளையம் போட்டுச் சோதித்தபோது, புள்ளி கண்ணாடி போல அசையாமல் நின்றது. பொறி அணைந்த பிறகும் பெரியவர் டார்ச்சை எடுக்காமல் அதே இடத்தில் பிடித்திருந்தார். பிறகு முனையைக் காட்டினார். வெள்ளிக் கம்பி போல் பளபளத்தது.

பையனுடைய தாய் அறுந்த வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரப்பரா? எங்கள் மாமியார் முப்பது வருஷம் பால் மரம் வெட்டினார்கள்" என்றார். அது மரத்து ரப்பரா, இரசாயன ரப்பரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த மாமியார் இருந்திருந்தால் விஷயத்தை உடனே புரிந்துகொண்டிருப்பார். அழுக்கு மங்கில் பால் விழுந்தால், வாளிக்கு வருமுன்பே திரிந்துவிடும். மரத்தையும் குறை சொல்ல முடியாது, வெட்டின கையையும் குறை சொல்ல முடியாது.

இனி, முனை வேறு என்னென்ன சேதி சொல்லும் என்று பெரியவர் விளக்கியதையும், நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். வீட்டில் வெல்டிங் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முனை நீலமாகவோ கறுப்பாகவோ இருந்தால், சூடாக இருந்தபோது காற்றுப் பட்டிருக்கிறது என்று பொருள். எல்லாமே வளையத்தின் குற்றமாக இருக்காது. பொறி அணைந்ததும் டார்ச்சைச் சட்டென்று தூக்கிவிடுகிற பழக்கமும் காரணமாகலாம். பொறி நின்ற பிறகும் சில விநாடிகள் வாயு ஓட வேண்டும். 10 ஆம்பியருக்கு 1 விநாடி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 100 ஆம்பியரில் வேலை செய்தால் 10 விநாடி. அந்த நேரம் முழுவதும் டார்ச் இணைப்பின் மேலேயே நிற்க வேண்டும். அவசரக்காரப் பிள்ளைகளுக்கு இந்தப் பத்து விநாடிதான் பெரிய தண்டனை.

முனை உருண்டு குமிழாகிவிட்டால் இரண்டு சந்தேகம். ஒன்று, கம்பியின் பருமனுக்கு மின்சாரம் மிஞ்சிவிட்டது. 1.6 மில்லிமீட்டர் கம்பி ஏறக்குறைய 70 முதல் 150 ஆம்பியர் வரை தாங்கும். அதற்கு மேல் 2.4 மில்லிமீட்டர் கம்பி வேண்டும். மற்றொன்று, டார்ச்சையும் எர்த் கிளிப்பையும் இடம் மாற்றிச் செருகியிருக்கலாம். இரும்புக்கு டார்ச் எதிர்முனையில்தான் இருக்க வேண்டும். அப்போது வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கு இரும்பின் பக்கம் போகும். மாற்றிச் செருகினால் அந்த வெப்பம் கம்பியின் பக்கம் திரும்பி, தடித்த கம்பியும் சில விநாடியில் உருகித் தொங்கும். பழகினவர்களும் மெஷினை இடம் மாற்றி வைத்த அன்று இந்தத் தவற்றைச் செய்வார்கள்.

முனையில் சாம்பல் நிறத்தில் கட்டி ஒட்டியிருந்தால், அது உருகிய இரும்பைத் தொட்டுவிட்டது, அல்லது நிரப்புக் கம்பி அதன்மேல் பட்டுவிட்டது. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நாளுக்குப் பத்துத் தடவை நடக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அப்படியே தொடர்ந்து வேலை செய்வதுதான் தப்பு. பொறி விரிந்து அலையும், டங்ஸ்டன் துணுக்கு இணைப்புக்குள் விழும். நிறுத்தி, கெட்ட பகுதியை ஒடித்துவிட்டு மறுபடி தீட்ட வேண்டும்.

தீட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பியை நீளவாட்டில் தீட்ட வேண்டும். கல்லின் கீறல்கள் முனையை நோக்கி ஓட வேண்டும். குறுக்குவாட்டில் தீட்டினால் கீறல்கள் வளையம் வளையமாக விழும், பொறி ஒரு பக்கம் நிற்காமல் அலையும். கூர்ப்பகுதியின் நீளம் கம்பியின் பருமனைப் போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு இருந்தால் நன்று. இரும்பு தேய்க்கிற கல்லிலேயே தீட்டினால் இரும்புத் துகள் கம்பியில் ஏறிவிடும். இதற்கென்று ஒரு கல்லைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முனை சுத்தமாக இருந்தும் பொறி அலைந்தால் எர்த் கிளிப்பைப் பாருங்கள். பெயிண்டின் மேலும் துருவின் மேலும் கிளிப்பை மாட்டிவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்கள் உண்டு. டார்ச்சின் கைப்பிடி சுடுகிறதா? காற்றால் குளிர்கிற சாதாரண டார்ச்சுகளில் பட்டறைகளில் அதிகம் காணப்படுவது 150 ஆம்பியர் அளவுக்குச் செய்தது. அதை 200இல் ஓட்டினால் சுடத்தான் செய்யும். கம்பியைப் பிடித்திருக்கும் உட்பிடி தளர்ந்திருந்தாலும் சுடும்.

சோதனைப் புள்ளி சுத்தமாக வந்து, வேலை மட்டும் கெட்டால், குற்றம் இரும்பில். ஆலையிலிருந்து வரும் இரும்பின் மேல் கருநீலத் தோல் ஒன்று இருக்கும். துரு இருக்கும். எண்ணெய் இருக்கும். நம் மழைக்காலத்தில் இன்று தேய்த்த இரும்பு நாளைக் காலை மறுபடி சிவந்திருக்கும். ஆகவே தேய்த்த அன்றே பற்றவைக்க வேண்டும். நிரப்புக் கம்பியிலும் சிக்கனம் பார்த்துக் கேஸ் வெல்டிங் கம்பியைப் போடுவார்கள். டிக் வேலைக்கான கம்பியில், உருகிய இரும்பிலுள்ள உயிர்வாயுவை வாங்கிக்கொள்ளும் சிலிக்கன், மாங்கனீஸ் போன்ற பொருள்கள் போதிய அளவு சேர்த்திருக்கும். மற்றதில் அவை போதாது. கண் விழும்.

தாய்மார்களுக்கு இனிச் சில வார்த்தைகள். இவை இணைப்பைப் பற்றியவை அல்ல, பிள்ளையைப் பற்றியவை.

மகன் இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்று எழுந்தால், பகலில் முகமூடி இல்லாமல் பொறியைப் பார்த்திருக்கிறான். டிக் பொறியில் புகை குறைவு. அதனால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பார்கள். புகை மறைக்காததால் புற ஊதாக் கதிர் இன்னும் பலமாக அடிக்கும். உருளைக்கிழங்கு வைப்பதும் தாய்ப்பால் விடுவதும் வேண்டாம். மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். துத்தநாகம் பூசிய வெள்ளைக் குழாயை அப்படியே பற்றவைத்துவிட்டு வந்தால் அன்று இரவு குளிர் காய்ச்சல் வரலாம். பால் குடித்தால் போய்விடும் என்பார்கள். பால் அதற்கு மருந்தல்ல. பற்றவைக்கும் இடத்தில் பூச்சை முதலில் நீக்க வேண்டும், காற்றோட்டமும் முகக்கவசமும் வேண்டும். இரும்பைத் துடைக்கிற திரவத்தில் குளோரின் கலந்திருந்தால் பொறியின் கதிர் பட்டு நச்சு வாயு உண்டாகும். பிரேக் துடைக்கும் சில திரவங்கள் அத்தகையவை. அவை பட்டறையில் வெல்டிங் பக்கமே வரக்கூடாது.

சிவப்புக் கோடு போட்ட டங்ஸ்டன் கம்பியில் தோரியம் சிறிதளவு இருக்கிறது. அது கதிரியக்கப் பொருள். கம்பியைத் தொடுவதால் பெரிய தீங்கில்லை. தீட்டும் தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது. சாம்பல் நிறக் கோடும், தங்க நிற, நீல நிறக் கோடும் போட்ட கம்பிகளில் தோரியம் இல்லை. இரும்பு வேலைக்கு அவையே போதும். பழகிய கை சிவப்பைத்தான் கேட்கும். புதிதாகப் படிக்கிறவன் முதலிலேயே மற்றதில் பழகிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்று. ஆர்கனுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனமானது. மூடிய தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் செய்தால், அது அடியிலிருந்து நிரம்பிக்கொண்டே வரும். மூச்சு முட்டுகிற உணர்வே இல்லாமல் ஆள் சாய்ந்துவிடுவான். காப்பாற்றப் பின்னால் இறங்குகிறவனும் சாய்வான். தவுக்கே அவசரப்படுத்தினாலும், காற்றை அளந்து பார்க்காமல், வெளியே ஓர் ஆள் நிற்காமல், தொட்டிக்குள் இறங்க மாட்டேன் என்று சொல்லும் துணிச்சலைப் பிள்ளைக்கு நாம்தான் கொடுத்து அனுப்ப வேண்டும்.

அந்தப் பையன் சனிக்கிழமைக்குள் கைப்பிடிகளை முடித்துவிட்டான். கெட்ட இணைப்புகளை எல்லாம் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி வைக்க இரண்டு இரவு ஆயிற்றாம். தவுக்கே பாராட்டவில்லை, கிரைண்டருக்கும் அனுப்பவில்லை. அடுத்த மாதம் ஆலைக் குழாய் வேலை ஒன்றுக்குப் பெரியவர் அவனைத் துணைக்கு அழைத்துப் போயிருக்கிறார். நீராவி அழுத்தம் தாங்க வேண்டிய குழாய்களில், அடியில் போடும் முதல் இணைப்பை டிக் முறையில் வைத்து, மேலே சாதாரண வெல்டிங் கம்பியால் நிரப்புவது வழக்கம். அந்த முதல் வரிசையை இன்னும் பெரியவர்தான் வைக்கிறார். பையன் கம்பி தீட்டிக் கொடுக்கிறான்.

பொங்கலுக்கு வந்தபோது அவன் பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துக் காட்டினான். உள்ளே தீட்டிய ஆறு கம்பிகள், ஒரு பின்மூடி, கறுப்பு வளையங்கள் பத்து. அறுந்துபோன பழைய வளையத்தை அவன் தாய் சாமி மாடத்தில் வைத்திருக்கிறார்.